மகாராணியின் பதினாறும் கருமியின் இருபத்தேழும்

அன்புள்ள வாயாடி மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நல்ல சுகம், அந்த எல்லாரில் இந்தத் தடவை நாலு காலில் நிற்கிற ஒருத்தியும் சேர்த்தி. அங்கே நீ சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை போனைப் பார்த்துக்கொண்டே ரொட்டியைக் கடித்துவிட்டு அதுதான் சாப்பாடு என்கிறாயா?

மகாராணி கன்று போட்டுவிட்டாள், பெண் கன்று, இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். அவளுடைய போன கன்று ஆறாம் நாளும் அதற்கு முந்தினது எட்டாம் நாளும் கழிச்சலில் போனது எனக்கு மறக்குமா, அதனால்தான் இத்தனை நாள் பொறுத்து எழுதுகிறேன். "சீம்பாலைக் கண்ணால பார்த்து நல்லதுன்னு சொல்ல முடியாதுப்பா" என்று நீ போனில் சொல்லப்போய், "நேத்துப் பொறந்தவன் எனக்குப் பால் பார்க்கச் சொல்லித் தர்றானா" என்று உன் அப்பா முறுக்கிக்கொண்டாரே, அன்றிலிருந்து நீ கூப்பிட்டால் போனை என் கையில் திணித்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடுகிறவர்தான். நீ அனுப்பிய சீம்பால் பார்க்கிற குழாயையும் பிரிக்காமல் ஆணி டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். தள்ளினால்? எனக்குக் கை இல்லையா?

மகாராணிக்கு நாலு நாள் முந்தி அந்த எலும்பும் தோலுமான கறுப்பி கன்று போட்டாள், அதுதான், அரை வாளிக்கு மேல் கறக்க மாட்டாள் என்று உன் அப்பா கருமி என்று பேர் வைத்தாரே அவள். அவர் கடைக்குப் போன நேரம் குழாயை எடுத்து, கண்ணாடியில் ஒரு சொட்டுப் பால் விட்டு மூடிக் கண்ணில் வைத்தால் ஒரே இருட்டு. என் பிள்ளையை யாரோ நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அப்புறம் பார்த்தால் நான் கொட்டகைக்குள் சுவரைப் பார்த்து நிற்கிறேன், வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கச் சொல்லி நீ சீட்டில் எழுதியிருந்தாய். வாசலில் வந்து பிடித்தேன், மேலே நீலம், கீழே வெள்ளை, இரண்டும் சேருகிற கோடு இருபத்தேழில். இருபத்திரண்டு இருந்தாலே கன்றுக்குக் காவல் என்றாயே, இருபத்தேழு, அதுவும் கருமியிடம்! அவள் கன்று குடித்து மீந்த மூன்று லிட்டரைப் பாட்டிலில் ஊற்றி ஐஸ் பெட்டியில் வைத்து, மேலே பட்டாணிப் பையைப் போட்டு மறைத்தேன்.

மகாராணி நடுப்பகலில் போட்டாள். உன் அப்பா வாளி நிறையக் கறந்து, "வெண்ணெய் மாதிரி இருக்கு பாரு, உன் பிள்ளை வந்து பார்க்கணும்" என்று மீசையைத் தடவினார். நான் குழாயை நீட்டினேன். பதினாறு. "குழாய் பொய் சொல்லுது" என்றார். கழுவித் தண்ணீர் விட்டுக் காட்டினேன், கோடு ஒழுங்காகப் பூஜ்யத்தில் நின்றது. திரும்பப் பாலை விட்டால் பதினாறு, சட்டை நுனியால் துடைத்துவிட்டுப் பார்த்தாலும் அதே பதினாறு. வாளி நிறையக் கறக்கிற மாட்டில் சத்து நீர்த்துப்போவது உண்டு என்று மாட்டு டாக்டர் அப்புறம் சொன்னார். நாங்கள் குழாயோடு நிற்கும்போதே கன்று தள்ளாடி எழுந்து பால் தேடி அவர் முழங்காலை முட்டியது. அந்த ஒரு முட்டில் மனுஷன் இறங்கிவிட்டார். "இப்ப என்னடி பண்றது" என்று மெதுவாகக் கேட்டார். பட்டாணிப் பையை விலக்கிப் பாட்டிலை எடுத்தேன், யாருடையது என்றார், கருமியுடையது என்றேன், அவர் முகம் போன போக்கைப் பார்க்க நீ இல்லையே! பாட்டிலை அப்படியே அடுப்பில் வைக்கப் போனவரை, "கொதிச்சா சத்து போயிடும், கை பொறுக்கிற தண்ணியில வைங்க" என்று ஒரு அதட்டு அதட்டினேன். எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறேன், இவ்வளவு ருசியாக அதட்டியதில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் அத்தனையையும் குடிக்க வைத்தோம்.

ஆறாம் நாள் சாப்பாட்டுத் தட்டோடு கொட்டகைக்குப் போனார். எட்டாம் நாள் தட்டு மட்டும் திரும்பி வந்தது, சோறு அப்படியே இருந்தது. ஒன்பதாம் நாள் காலையில் ஒரு கூச்சல், எனக்கு உயிரே போய்விட்டது, விழுந்தடித்து ஓடினால் கன்று அவர் சட்டைப் பொத்தானைப் பிய்த்துவிட்டதாம், அதற்கு அந்தச் சிரிப்பு! இப்போது கருமி என்று யாரும் சொல்லக்கூடாது, கன்றுக்குப் பால் கொடுத்தவள் அல்லவா, "பெரியம்மாவுக்குத் தீனி வச்சாச்சா" என்றுதான் கேட்கிறார். குழாய் அவர் சட்டைப் பையை விட்டு இறங்குவதில்லை. அது சர்க்கரையையும் காட்டுமாமே, அவருடைய கட்டன் டீயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், டாக்டருக்குத் தெரியாமல் அவர் அள்ளிப் போடுவது கையும் களவுமாகப் பிடிபட்டது. உன் பரிசால் எனக்கு இரட்டை லாபம்.

நேற்றுச் செம்பட்டை மாடும் கன்று போட்டது. அவரே தனியாக வாசலில் நின்று பார்த்தார், எத்தனை என்றால் எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார். "கேக்க வேண்டியவன் கேட்டா சொல்றேன்" என்கிறார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது நான் கொட்டகையில் இருப்பேன், எத்தனை தடவை அடித்தாலும் வர மாட்டேன். அவர்தான் எடுப்பார். கண்ணு, மன்னிப்பு கின்னிப்பு என்று ஆரம்பிக்காதே, நான் அப்பவே சொன்னேனே என்றும் வாயை விடாதே. எத்தனைப்பா என்று மட்டும் கேள்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நோய்நொடி அண்டாமல் கன்று மாதிரி துள்ளிக்கொண்டு நூறு வருஷம் இரு.

அவர் சொன்னதும் அந்த எண்ணை எனக்கும் சொல்லிவிடு, நேற்றிலிருந்து மண்டை வெடிக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா