பத்தொன்பது நாள் பேச்சு நிறுத்தம்

பாளையம்பட்டி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் உதயகுமாருக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் தங்கச்சி பிரியாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், புனேயில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குப் பக்கென்று ஆகியிருக்கும், பயப்படாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. நரிக்குடியில் உனக்கென்று கடை பிடித்து, திறப்பு விழாப் பத்திரிகையும் அடித்த பிறகு நீ புனே வேலைக்குக் கிளம்பினாயே, அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தியவன் நான். பதினாலு மாதம் ஆகிறது. இப்போது என்ன வந்தது இந்த மனுஷனுக்கு என்று கேட்பாய். சொல்கிறேன், இங்கே நம் கடையில் ஆள் வர வர நிறுத்தி எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது.

நேற்று அருப்புக்கோட்டையில் பிரியாவின் பள்ளிக்கூடத்திலிருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் வரச் சொன்னார்கள். எட்டாம் வகுப்புக்கு வந்ததிலிருந்தே அவளுக்கு வாய் கூடிவிட்டது, எல்லாம் வேனில் கூட வருகிற பிள்ளைகளின் சேர்க்கை என்று உன் அம்மாவிடம் நான் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். அதையே அங்கேயும் சொல்லிவிடுவோம் என்று சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு தைரியமாகப் போனேன். அங்கே பாலவனத்தத்துக்கார அம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், பெயர் முத்துமாரியம்மாள். அவள் மகள் தங்கலட்சுமி நம் பிரியாவின் வகுப்புத்தான். கோகோ விளையாட்டில் பிரியா கள்ள ஆட்டம் ஆடியதை அந்தப் பிள்ளை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டதாம். அதற்காக வகுப்பில் பதினோரு பிள்ளைகள் சேர்ந்து பத்தொன்பது நாளாக அதோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டு வேண்டுமென்றால்கூட அதன் முகத்தைப் பார்க்காமல், பெஞ்சே பெஞ்சே, அந்த நோட்டை எடுத்துக் குடுக்கச் சொல்லு என்று பெஞ்சிடம் சொல்வார்களாம். நான் பேசுறது யாருக்குமே கேக்கலையாம்மா என்று வீட்டில் கேட்ட பிள்ளை, இப்போது வீட்டிலும் பேசுவதில்லை, ஒரு வாரமாகப் பள்ளிக்கூடமும் வரவில்லை.

நான் விடவில்லை. எங்க பிள்ளை தங்கமான பிள்ளை, சேர்க்கைதான் சரியில்லை என்றேன். அதற்கு அந்த அம்மா, கோபமே இல்லாமல், அண்ணாச்சி, மத்த பத்துப் பிள்ளைக வீட்டுலயும் உங்க பிள்ளை சேர்க்கைதான் சரியில்லைங்கிறாக என்றாள். பேச்சு நிறுத்தத்தை ஆரம்பித்ததே பிரியாதானாம், மற்றதுகளெல்லாம் அவளைப் பார்த்துப் படித்ததுகள்.

பிரியாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கொஞ்சம்கூடப் பயமில்லை அவளிடம், நான் பக்கத்தில் இருக்கிற தெம்பு. நான் அடிக்கலையே டீச்சர், திட்டவும் இல்லையே, பேசத்தானே இல்ல, பேச்சை நிறுத்திட்டா தானா வழிக்கு வந்துருவாகன்னு எங்கப்பாதான் சொல்லுவாக, தீவாளிக்கு எங்கம்மாகிட்ட பதினோரு நாள் பேசல, அம்மாவே வந்து தப்புன்னு சொன்னாக, எங்கண்ணன்கிட்ட இன்னும் பேசல என்று விரல் விட்டுச் சொல்கிறாள்! ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைப் பார்த்தார்கள். பிள்ளைகளைக் கைநீட்டி அடித்ததே இல்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசினவன் நான். உன் அம்மா எதிரில் நிற்கும்போதே, உங்கம்மாகிட்டச் சொல்லு, சோறு எடுத்து வைக்கட்டும் என்று இந்தப் பிள்ளையிடம்தானே சொல்லிவிட்டேன். வீட்டில் நடுவில் நின்றது பிரியா, வகுப்பில் பெஞ்சு.

அதைவிடக் கொடுமை கேள். அவமானத்தில் பொங்கி வந்தது கோபம், அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல்தான் வந்தேன். இறங்கினதும் அவள் உள்ளே போய் உன் அம்மாவிடம், அப்பா எத்தனை நாள் பேச மாட்டாகம்மா, அடுத்த வாரம் பரீட்சை இருக்கு என்று கேட்டாள். அழவில்லை உதயா. மழை எத்தனை நாளைக்குப் பெய்யும் என்று கேட்பதுபோல் கேட்டாள். வாசலிலேயே நின்று அவளைக் கூப்பிட்டேன், வா பாலவனத்தம் போவோம் என்று உடனே கூட்டிக்கொண்டு கிளம்பினேன். தங்கலட்சுமி கதவுக்குப் பின்னால் நின்றது. பிரியா தேம்பித் தேம்பி அழுது மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவே இல்லை. உடனே எப்படிப் பேசும்? இன்று சாயங்காலமும் போவோம், பேசுகிறவரை போவோம், கடை பூட்டிக் கிடந்தால் கிடக்கட்டும்.

உன் அறையில் கூட இருக்கிற இன்பராஜோடு நீ இரண்டு மாதமாகப் பேசுவதில்லை, ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு மெசேஜில்தான் எல்லாம் என்று முன்பு உன் அம்மா சொன்னாள். அப்போது சிரித்தேன், என் பிள்ளை அல்லவா என்று. இன்றைக்கு அந்தச் சிரிப்பை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. என்னிடம் இருந்து எடுத்துப் போக உனக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா? இந்தக் கடிதம் கண்டதும் முதல் வேலையாக அந்தப் பையனிடம் போய்ப் பேசு, யார் பேரில் தப்பு என்று பார்க்காதே. நரிக்குடிக் கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன், உன் வேலையை நீ நன்றாகப் பார். நேரத்துக்குச் சாப்பிடு.

நீ நல்லபடியாக, நாலு பேரோடு கலகலப்பாக இருக்க நம் மாரியம்மன் துணை. உன் அம்மாவும் பிரியாவும் விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். மறக்காமல் ஒன்று: ஞாயிற்றுக்கிழமை நீ போன் போட்டால் உன் அம்மாதான் எடுப்பாள், அப்பாகிட்டக் குடுங்க என்று சொல். நான் வாங்கிக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால், கட் பண்ணிவிடாதே ஐயா. அது கோபம் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
ராஜகுரு