கதவு சாத்தியிருந்தது என்று சொன்னவன்

என் அன்புச் செண்பக அக்காவுக்கு,

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இந்தக் கடிதத்தை மடித்து அலமாரியில் வைக்காமல், நாலு பேர் படிக்கும்படி அச்சுக்குக் கொடுக்கிறேன். நான் சொன்ன பொய்யைப் பள்ளிக்கூடமே கேட்டது. உண்மையை மட்டும் உன் காதோடு சொல்லிவிட்டுத் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. என் மகள் வித்யா இப்போது ஒன்பதாம் வகுப்பு. நீ பிறகு படித்த அதே பெண்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். மகன் கார்த்தி ஏழாம் வகுப்பு, பையன்கள் பள்ளியில். அவன் பள்ளியை அடுத்த வருடம் மிக்ஸ்ட் ஸ்கூல் ஆக்கப் போகிறார்கள். அதைப் பற்றிப் பேச பி.டி.ஏ. கூட்டம் போட்டார்கள். அங்கே நானும் எழுந்து பேசினேன். என்ன பேசினேன் என்பதற்கு முன் பழையதைச் சொல்லியாக வேண்டும்.

ஆரியசாலை வீட்டிலிருந்து நீயும் நானும் நடந்தே போவோமே, அந்தப் பள்ளியில் பையன்களும் பெண்களும் ஒன்றாகத்தான் படித்தார்கள். நீ ஒன்பதாம் வகுப்பு, நான் ஏழாம் வகுப்பு. உன் வகுப்பில் பிரான்சிஸ். போனக்காடு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி மகன். பழவங்காடியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தான். சாஸ்திரமேளா அறிவியல் கண்காட்சிக்காக நீங்கள் இருவரும் செம்புக் கம்பி சுற்றி ஒரு சின்ன மோட்டார் செய்துகொண்டிருந்தீர்கள். பள்ளி விட்ட பிறகு லேபில்தான் வேலை. லேப் சார் இருப்பார், வேறு மூன்று பிள்ளைகள் இருப்பார்கள். உன்னோடு வீடு திரும்புவதற்காக நானும் ஓரமாக உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் நானும் சுற்றுகிறேன் என்று கம்பியை வாங்கிச் சிக்கலாக்கி அறுத்துவிட்டேன். "உனக்கு இது வராதுடா, விடு" என்றாய். பிரான்சிஸ் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை அது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. உன்னை விட்டுவிட்டுத் தனியாக அப்பாவின் கடைக்கு வந்தேன்.

"ஏலே, அக்கா எங்க?" என்றார் அப்பா.

"லேப்ல இருக்கா."

"யாரு கூட?"

"அந்தப் போனக்காட்டுப் பையன்கூட. கதவச் சாத்திட்டு உக்காந்திருக்காவ."

கதவு விரியத் திறந்திருந்தது அக்கா. வராந்தாவில் பந்து விளையாடியவர்கள்கூட உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மறுநாள் காலை அப்பா பள்ளிக்கு வந்து ஹெட்மாஸ்டர் அறையில் போட்ட சத்தம் எங்கள் வகுப்பு வரை கேட்டது. நீ வராந்தாவில் தலைகுனிந்து நின்றாய். லேப் சார் ஏதோ சொல்ல வந்தார், அப்பா கேட்கவில்லை. "என் பையன் கண்ணால பாத்திருக்கான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று வகுப்பு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போகவும் இல்லை. அந்த வாரமே பிரான்சிஸ் கையில் டி.சி. கொடுத்து மலைக்கு அனுப்பிவிட்டார்கள். உன்னைப் பெண்கள் பள்ளியில் சேர்த்தார்கள். அந்த மோட்டார் என்ன ஆயிற்றோ?

அங்கே நீ சோர்ந்து கிடக்கவில்லை. மேடையில் பேசினாய், ஸ்கூல் லீடர் ஆனாய். "இங்க பெஞ்ச் தூக்குறதுலருந்து மைக் பிடிக்கிறது வரைக்கும் எல்லாம் நாங்கதான். அங்கேன்னா எந்தப் பொண்ண லீடராக்குவாங்க?" என்று ஒரு முறை சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனை வருடம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்! பார்த்தாயா, அவளுக்கு நல்லதுதானே நடந்தது என்று.

ஆனால் அங்கே லேப் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது என்று நீ அம்மாவிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. பிளஸ் டூவில் சயின்ஸ் கேட்டாய். அப்பா காமர்ஸ் போதும் என்றார். நாகர்கோவிலில் வாழ்க்கைப்பட்டு, இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க்காக இருந்தாய். உன் தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் உன்னிடம்தான் கொண்டுவருவார்கள் என்று அத்தான் பெருமையாகச் சொல்வார். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில், அத்தான் மருந்து வாங்கப் போன நேரம். என்னைப் பக்கத்தில் வரச்சொன்னாய். "சங்கரா, அன்னைக்கு அந்தக் கதவு தொறந்துதானே இருந்தது?" என்று கேட்டாய். கோபமே இல்லை உன் குரலில். நான் சொல்லிவிட்டால் போதும் என்று காத்திருந்த குரல்.

"எனக்கு ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

நீ என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். ஏழாம் வகுப்பில் சொன்னதையாவது சின்னப் பையன் சொன்னது என்று தள்ளலாம். இதை எதில் சேர்ப்பது?

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தால்தான் ஒருவரையொருவர் மதிக்கப் பழகுவார்கள் என்று ஒரு டீச்சர் சொன்னார். நான் எழுந்தேன். "எங்க அக்கா பெண்கள் பள்ளியில படிச்சுத்தான் தலைவியா வந்தா. இந்த வயசுல சேத்து வச்சா என்ன நடக்கும்னு நான் கண்ணால பாத்திருக்கேன்" என்றேன். ஆமாம் அக்கா, அப்பா சொன்ன அதே வார்த்தை. உன் பெயரைச் சொல்லிக் கைதட்டும் வாங்கினேன்.

வெளியே காத்திருந்த கார்த்தி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். ஸ்கூட்டரில் பின்னாலிருந்து என் முதுகில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "அப்பா, நீங்க பயப்படாதீங்க. வித்யாக்கா எங்க ஸ்கூலுக்கு வந்தா நான் நோக்கிக்கிடுதேன். யார்கூடப் பேசுதா, எங்க நிக்குதா, டெய்லி வந்து உங்ககிட்ட சொல்லிருதேன்."

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். "சுகமில்லையாப்பா?" என்று கேட்டான் பிள்ளை.

அன்று மாலையே இருவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கார்த்தி அழுதான். வித்யா அழவில்லை. அடுத்த வருடம் எந்தப் பள்ளியில் படிக்க ஆசை என்று அவளிடம் கேட்டேன். பெரிய மனது பண்ணுகிறோம் என்ற நினைப்பு எனக்கு.

"எனக்கு இப்போ என் ஸ்கூல்தான் இஷ்டம்" என்றாள். "ஹாக்கி டீம விட்டுட்டு வரமாட்டேன். பிளஸ் ஒன்னுக்கு வேணும்னா அங்க போவேன், அங்கதான் நல்ல லேப் இருக்கு. அத அப்போ யோசிப்பேன். ஆனா அப்பா, அத்தன பேரு முன்னால எனக்காகப் பேசினீங்களே, வீட்ல ஒரு தடவயாவது என்கிட்ட கேட்டீங்களா?"

பிறகு அவளே சொன்னாள்: "அத்தைகிட்டயும் யாரும் கேக்கல, அல்லே?"

எந்தப் பள்ளி நல்லது என்று நாங்கள் கூட்டம் போட்டு அடித்துக்கொள்கிறோம். உன்னிடம் யாராவது கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் அக்கா? இன்றுவரை எனக்குத் தெரியாதே.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, போன முறை நான் சொன்னது பொய் என்றேன். "அப்போ நீங்க எந்தப் பக்கம்?" என்று ஒருவர் கேட்டார். பிள்ளைகளைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை போனக்காட்டுக்குப் பஸ் ஏறுகிறேன். பிரான்சிஸ் அங்கேதான் இருக்கிறானா, இருந்தாலும் என்னை வாசலில் நிற்க விடுவானா, தெரியாது. அங்கே இல்லையென்றால் அவன் இருக்கும் இடம் தேடிப் போவேன். கார்த்தியையும் கூட்டிப்போகிறேன். அவன் அப்பன் ஒரு மனிதர் முன்னால் தலைகுனிந்து நிற்பதை அவன் பார்க்கட்டும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கேட்டபோது சொல்லாத உன் தம்பி,
சங்கரன்