மிட்டாய்த் தாளில் ஓர் எறும்பு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

என் எறும்பை நீதான் அழித்திருக்கிறாய். உன் கம்பெனியின் புது ஆரஞ்சு மிட்டாயைக் கடையில் வாங்கி, தாளை நகத்தால் நீவி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். வெயில் பட்டதும் சுவரே ஆரஞ்சாகிவிட்டது. முனைகளை முறுக்கினால் தாளில் இருக்கும் என் நரிக்குக் காது முளைக்கிறது. எல்லாம் நான் வரைந்தபடியே. வால் ஓரத்து எறும்பு மட்டும் இல்லை. அதுதான் என் கையெழுத்து என்று உனக்குத் தெரியும். அச்சகத்தின் பெயர் இருக்கிறது. தாளைக் குப்பைத்தொட்டியில் போடும் பொம்மை மனிதனுக்குக்கூட இடம் இருக்கிறது. வரைந்தவளுக்கு எறும்பளவு இடம் இல்லையா?

கோபத்தோடும் வாய் நிறைய மிட்டாயோடும்,
உன் தங்கை

மார்ச் 9

அடி வாயாடி,

ஆமாம், நான்தான் எடுக்கச் சொன்னேன். மாதிரித் தாளைப் பார்த்த மேலாளர், "என்னம்மா, மிட்டாய்ல எறும்பு ஊருது?" என்றார். அறையே சிரித்தது. மிட்டாய்த் தாளில் எறும்பைக் கையெழுத்தாகப் போட உன்னால்தான் முடியும். ஒரு வண்ணத்துப்பூச்சி கிடைக்கவில்லையா? "யார் வரைஞ்சது?" என்றும் கேட்டார். "நம்ம பிரிவுலதான் சார்" என்று சொல்லிவைத்தேன். தங்கைக்கு வேலை பிடித்துக் கொடுத்தாள் என்று நாலு பேர் பேசுவார்கள். புரிந்துகொள். நரி நன்றாக விற்கிறது. எலுமிச்சை மிட்டாய்ப் படத்தைச் சீக்கிரம் அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

எறும்பு போகட்டும், நானும் சிரித்துவிட்டேன். ஆனால் உன் பிரிவில் யார் வரைந்தது? அங்கே பென்சில் சீவத் தெரிந்தவர்கூட இல்லை என்று நீதானே புலம்பினாய்? என் நரியைத் திருத்தச் சொல்லி எத்தனை முறை திருப்பி அனுப்பினாய்! அப்போதெல்லாம் நான் தங்கையாகத் தெரியவில்லை. பெயர் சொல்லும்போது மட்டும் தெரிகிறேன். முதலாளி பெயரைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள், செய்தவள் பெயரை விழுங்கிவிடுவார்கள். ஊரெல்லாம் நடப்பதுதான். என் அக்காவும் அதையே செய்கிறாள்.

எலுமிச்சைப் படம் தயார். மஞ்சள் வாத்து; முறுக்கிய முனைகள்தான் இறக்கைகள். அத்தனை அழகு. திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து, "என் தங்கச்சி வரைஞ்சது" என்று சொல். அதுவரை வாத்து என் மேசையை விட்டு நகராது.

உன் தங்கை

மார்ச் 20

அக்கா,

உன் அலுவலக ஓட்டுநர் வந்தார். பை நிறைய மிட்டாயைக் கொடுத்து, "படத்த வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றார். "கடிதம் குடுத்தாங்களாண்ணே?" என்று கேட்டேன். இல்லையாம். மிட்டாய் மேல் எனக்கென்ன கோபம், வாங்கிக்கொண்டேன். அவருக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்து, படம் இல்லாமல் அனுப்பிவைத்தேன்.

திங்கட்கிழமை போய்விட்டது. ஒரு வரி எழுது. சொன்னாயா, இல்லையா?

உன் தங்கை

ஏப்ரல் 2

அக்கா, சொன்னாயா?