அ பாட்டில், ஆ பாட்டில்

தைலக்காரரே,

மூன்று வருஷமாகக் காணாமல் போயிருந்த என் மூக்கு இன்று காலை திரும்பி வந்துவிட்டது. முகத்தில் இருக்கிற மூக்கைச் சொல்லவில்லை. அது எங்கேயும் போகாமல் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டு அங்கேயேதான் இருந்தது. வாசனை பிடிக்கிற மூக்கைச் சொல்கிறேன். கொரோனா எடுத்துக்கொண்டு போனதைத் திருப்பியே தரவில்லை என்று உங்களிடம் புலம்பிக்கொண்டிருப்பேனே, அது.

அலமாரியின் மேல்தட்டிலிருந்து நம்முடைய நோட்டை எடுக்கப் போனேன். பக்கத்தில் இருந்த அ பாட்டில் சாய்ந்து, மூடி கழன்று, புறங்கையெல்லாம் எண்ணெய் வழிந்தது. துடைக்கத் துணி தேடும்போது சுரீரென்று ஏறியது பாருங்கள், யூகலிப்டஸ் தைலம்! அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். வாசனை வந்த சந்தோஷமாக இருக்கலாம், எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்ததாலும் இருக்கலாம். கணக்கு டீச்சர் என்பதால் இரண்டு காரணத்தையும் எழுதிவைக்கிறேன்.

நோட்டை எடுக்க வேண்டி வந்தது உங்கள் மகனால். நேற்று மாலை புது லேபிளின் மாதிரித் தாளோடு வந்து நின்றான். “அப்பா சொல்லியிருக்காருங்க டீச்சர். கடைசி வரிய டீச்சரக் கேக்காம மறுபடி அடிக்கப்படாதுன்னு. வெக்கட்டுங்களா, எடுக்கட்டுங்களா?” என்றான். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ‘மூட்டுவலி அடியோடு நீங்கும்.’ அதுதானே அந்தக் கடைசி வரி? நாம் இத்தனை வருஷம் சண்டை போட்டது அந்த மூன்று வார்த்தைக்காகத்தானே?

முதல் நாள் நினைவிருக்கிறதா? மேல் குன்னூர்ப் படிக்கட்டின் உச்சியில் உங்கள் கடை. மொறுமொறு வர்க்கி பிஸ்கட், டீத்தூள், காதை மூடும் குல்லா, அவற்றோடு நீங்களே நல்லெண்ணெயில் யூகலிப்டஸ் கலந்து விற்கிற தைலம். நான் ஜெகதளா பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து, கரும்பலகைக்கு முன்னால் நின்று நின்றே முட்டியைத் தேய்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவள். வர்க்கி வாங்க வந்தவளிடம் கேட்காமலேயே தைலத்தை நீட்டினீர்கள். லேபிளைப் படித்துவிட்டு இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன்.

“ஆதாரமுங்களா? இருவது வருஷமா விக்கறேன். ஒருத்தராச்சும் திரும்பி வந்து இன்னும் வலிக்குதுன்னு சொன்னதில்லீங்க.”

“வலிக்கிறவங்க இந்தப் படி ஏறி எப்படி வருவாங்க?”

பதிலுக்குப் பையில் ஒரு வர்க்கி கூடுதலாகப் போட்டீர்கள். நம்முடைய சண்டை அன்றைக்குத் தொடங்கியது.

என் தங்கை மகள் பிரிசில்லா கோயம்புத்தூரில் என்ன வேலை பார்க்கிறாள் என்று உங்களுக்கு விளக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது. ஒரு வைத்தியத்தைப் பற்றி உலகத்தில் யார் யார் ஆய்வு செய்தார்களோ அத்தனையையும் தேடி எடுப்பார்கள். ஒழுங்காகச் செய்ததையும் ஒப்பேற்றியதையும் பிரிப்பார்கள். தேறியதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, இதுவரை தெரிந்தது இவ்வளவுதான் என்று எழுதுவார்கள். டாக்டர்கள் அதைப் படித்துவிட்டுத் தாங்கள் சொல்வதை மாற்றிக்கொள்வார்கள். நம் ஆஸ்பத்திரியிலேயே பார்த்தோமே. முன்பிருந்த டாக்டர் படி ஏறாதே, முட்டிக்கு ஓய்வு கொடு என்றார். பிறகு வந்த டாக்டரம்மா நட, நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திரு என்றார். எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்ததில் முட்டிவலிக்குப் பயிற்சிதான் நல்லது என்று தெரிகிறதாம்.

உங்களுக்கு வந்ததே கோபம். “நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணுங்களா? என்ற லேபிளு இருவது வருஷமா மாறுலீங்க டீச்சர்!”

“அதுதான் கோளாறே” என்றேன்.

உங்கள் தைலத்தைப் பற்றி என்ன தெரியும் என்று பிரிசில்லாவைக் கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். “நம்புற மாதிரி ஆய்வு எதுவும் என் கண்ணுல படல பெரியம்மா. வேலை செய்யும்னும் சொல்ல முடியாது, செய்யாதுன்னும் சொல்ல முடியாது.” அதை அப்படியே வந்து சொன்னேன். லேபிளில் பொய் எழுதியிருக்கிறீர்கள் என்று என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தும் சொன்னேன்.

“சாட்சி வருலீன்னா கேஸுக்கு வாய்தா போடோணுமுங்க. ஆளத் தூக்கி உள்ள வெக்கப்படாது” என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, கல்லாவைத் துடைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள். “நம்மளே ஒரு ஆய்வு பண்ணுனா உங்க பாப்பா அதச் சேத்துக்குமுங்களா? உலகத்துல எல்லாரும் படிக்கற புஸ்தகத்துல நம்ம குன்னூர்னு ஒரு வரி வருமில்லீங்க?”

அந்த ஆசை எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பந்தயம் கட்டினோம். தைலம் தோற்றால் லேபிளிலிருந்து அந்த வரியை எடுத்துவிட வேண்டும். ஜெயித்தால் ‘கணக்கு டீச்சர் சோதித்தது’ என்று உங்கள் கடைப் பலகையில் நானே என் கையால் எழுத வேண்டும்.

முதல் ஆய்வு எங்கள் சபைப் பெண்கள் கூட்டத்தில் நடந்தது. முட்டிவலிக்காரர்கள் பன்னிரண்டு பேர். பிஸ்கட் டப்பாவில் சீட்டுப் போட்டு, ஆறு பேருக்குத் தைலம், ஆறு பேருக்கு வெறும் நல்லெண்ணெய். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியக் கூடாது, தெரிந்தால் மனசே பாதி வலியைக் குறைத்துவிடும் என்று பிரிசில்லா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அதனால் ஒரே மாதிரி பாட்டில், லேபிள் கிடையாது. எல்லாம் சரி. யூகலிப்டஸுக்கு வாசனை உண்டு என்பது மட்டும் உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அந்த மரத்தடியிலேயே நடந்தால் அது வாசனை என்றே படுவதில்லை போலும்.

மூடி திறந்த மறு நிமிடம் ஹால் முழுக்க மணத்தது. எஸ்தர் அக்கா எழுந்து, “எங்க ஆறு பேருக்கு மட்டும் என்ன சமையல் எண்ணெய்? நாங்க காணிக்கை போடலையா?” என்று கேட்டார். முடிவு ஜெபம் சொல்வதற்குள் பாட்டில்கள் கை மாறி, பாதிக்குப் பாதி கலந்து, யாரிடம் என்ன இருக்கிறது என்று ஆண்டவருக்கே குழப்பம். எஸ்தர் அக்கா மட்டும் தன் எண்ணெயில் தோசை வார்த்துவிட்டு, தோசை நன்றாக வந்தது, முட்டி அப்படியே இருக்கிறது என்று நேர்மையாகத் தெரிவித்தார்.

“நாங்க தள்ளிவச்ச ஆய்வுகள்னு கடைசியில ஒரு பட்டியல் போடுவோம் பெரியம்மா, காரணத்தோட. இது அதுல கூட வராது” என்று பிரிசில்லா சிரித்தாள். உங்களுக்கு முகம் வாடிவிட்டது. அன்று வர்க்கி எண்ணிக்கையில் கூடுதல் எதுவும் இல்லை.

அப்புறம்தான் கொரோனா. காய்ச்சல் விட்டது, மூக்கு செத்தது. காபி வெந்நீராகிவிட்டது, மீன் குழம்பு சும்மா புளித்தது. கேட்டவர்கள் எல்லாம் உச்சுக் கொட்டினார்கள். நீங்கள் மட்டும் கல்லாவை விட்டுத் துள்ளி எழுந்தீர்கள்.

“ஏனுங்க டீச்சர்! அப்ப எது தைலம், எது எண்ணெய்னு உங்களுக்குக் கண்டுபுடிக்கவே முடியாதுங்களே!”

ஒரு மனுஷி மூக்கு போய் நிற்கிறாள், அதைக் கேட்டு இப்படிக் கொண்டாடிய ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் சொன்னது சரிதான். இந்த மலையில் ஆய்வுக்கு லாயக்கான ஒரே ஆள் நான்தான்.

எட்டு வாரம் என்று முடிவு செய்தோம். ஒரு வாரம் அ பாட்டில், மறு வாரம் ஆ பாட்டில். இரண்டும் உங்கள் கடையில் இருக்கும். எதில் எது என்று ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி, என்னிடம் கொடுத்தீர்கள். நான் அதைப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்தேன். தைலம் தோலில் சுருக்கென்று தெரியுமே, அதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேனே என்று கேட்டதற்கு, “வெறும் எண்ணெய்லயும் சுக்குத் தண்ணி கொஞ்சம் கலந்திருக்கறனுங்க. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்” என்றீர்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதருக்கு எவ்வளவு விஞ்ஞான புத்தி என்று அசந்துபோனேன். சர்ச்சில் என் பக்கத்தில் உட்காரும் ரோஸ்மேரியிடம், என்மேல் என்ன வாசனை வந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்தவள், ரகசியம் காப்பாள். எட்டு ஞாயிற்றுக்கிழமையும் பாவம், பாட்டுப் பாடுவதற்கு மட்டும் வாயைத் திறந்தாள்.

தினமும் சாயங்காலம் படி ஏறி வருவேன். வீட்டிலிருந்து உங்கள் கடைக்கு எழுபத்திரண்டு படி. அன்றைக்கு வேண்டியதை மட்டும் ஒரு சின்னக் குப்பியில் ஊற்றித் தருவீர்கள். மொத்தமாகக் கொடுங்களேன் என்றால், “கலந்துபோடுவீங்க டீச்சர்” என்பீர்கள். “இன்னைக்கு எப்படிங்க?” என்று கேட்டு, நான் சொல்லும் எண்ணைக் கேட்டுத் தலையாட்டுவீர்கள். அதை நான் நோட்டில் எழுதுவேன். முதல் வாரம் பத்துக்கு எட்டு என்று இருந்த வலி, எட்டாம் வாரம் நான்குக்கு வந்திருந்தது. ஆனால் அ வாரமும் ஆ வாரமும் ஒரே மாதிரித்தான் இறங்கின. இரண்டுக்கும் துளி வித்தியாசம் இல்லை என்று உங்களிடம் உளறியும் விட்டேன். “அப்படித்தானுங்க இருக்கும்” என்று சிரித்தீர்கள். விளங்காமல் சிரிக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

ஏனென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தைலமும் வெறும் எண்ணெயும் ஒன்றுதான் என்றால், கவரைப் பிரிக்கவே வேண்டாம், நீங்கள் தோற்றுவிட்டீர்கள். நான் ஜெயித்துவிட்டேன், சொல்ல மட்டும் வாய் வரவில்லை. சரிபார்க்க இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று பொய் சொன்னேன். அந்த ஒன்பதாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை உங்களுக்கு நெஞ்சு வலித்தது. புதன்கிழமை நீங்கள் இல்லை. உங்கள் கடை சாத்தியிருந்ததை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

காரியம் முடிந்ததும் உங்கள் மகன் இரண்டு பாட்டிலையும் கொண்டுவந்து கொடுத்தான். நோட்டையும் பாட்டில்களையும் மேல்தட்டில் ஏற்றினேன். அந்த வரியோடு தைலம் விற்றுக்கொண்டே இருந்தது. இறந்த மனிதரைத் தோற்கடிக்க எனக்கு மனசில்லை. இன்று காலை அதற்குத்தான் துணிந்தேன். உங்கள் மகனிடம் நோட்டைக் காட்டி, வரியை எடுத்துவிடு என்று சொல்லத்தான் அலமாரியைத் திறந்தேன்.

அ பாட்டில் தைலம். அப்படியானால் ஆ பாட்டில் நல்லெண்ணெய். முறைக்காக அதையும் திறந்து முகர்ந்தேன்.

இன்னொரு முறை முகர்ந்தேன். பிறகு பழைய வாசனை மூக்கிலேயே நிற்கிறதோ என்று வெளியே போய் வேலியோரம் நின்று மூச்சு விட்டுவிட்டு வந்து முகர்ந்தேன். அப்புறம் ஆ பாட்டிலை எடுத்துக்கொண்டு ரோஸ்மேரி வீட்டுக்கே போனேன். அவள் பாட்டிலைத் தொடக்கூட இல்லை.

“எட்டு வாரமும் நீங்க தைல வாசமாத்தான் இருந்தீங்க டீச்சர். எனக்கு ரெண்டாவது ஞாயித்துக்கிழமையே தெரியும்.”

“ஏன்டி சொல்லல?”

“நீங்கதான டீச்சர் பேசக் கூடாதுன்னு பைபிள்மேல சத்தியம் வாங்கினீங்க!”

வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்தேன். உங்கள் சாய்ந்த கையெழுத்து. ‘ரெண்டுலயும் தைலந்தானுங்க டீச்சர். உங்க முட்டிக்கு வெறும் எண்ணெய் குடுக்க மனசு வருலீங்க. திட்டாதீங்க.’

திட்டினேன். சத்தமாகத் திட்டினேன். மூன்று வருஷம், தைலக்காரரே! ஜெயித்தேன் என்ற பாரத்தை மூன்று வருஷம் சுமந்திருக்கிறேன். அதற்கு நடுவில் சுக்குத் தண்ணி வேறு! திட்டி முடித்தபோது, என் வாழ்நாளில் யாரும் என்னை இவ்வளவு நன்றாக ஏமாற்றியதில்லை என்று தோன்றியது.

பிரிசில்லாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டாள். “பெரியம்மா, அந்த எட்டு வாரமும் தினமும் எழுபத்திரண்டு படி ஏறி இறங்கினீங்களா?”

“ஆமா.”

“அதுக்கு முன்னாடி?”

முன்னாடி வாரத்துக்கு ஒரு நாள், வர்க்கிக்கு. டாக்டரம்மா சொன்ன பயிற்சியை ஒரு நாள்கூடச் செய்யாதவளை நீங்கள் குப்பியைக் காட்டியே ஏற வைத்திருக்கிறீர்கள். தெரிந்து செய்தீர்களா, தெரியாமல் செய்தீர்களா என்று கேட்க ஆள் இல்லை. வலி குறைந்தது படியாலா, தைலத்தாலா, தினமும் ஒருவர் எப்படிங்க என்று கேட்டதாலா என்றும் இனிச் சொல்ல முடியாது. நம் ஆய்வு எந்தப் புஸ்தகத்திலும் வராது. ஆனால் நான் கெஞ்சியதற்காகப் பிரிசில்லா தன் சொந்த நோட்டில், தள்ளிவைத்த ஆய்வுகளின் கீழே ஒரு வரி எழுதிக்கொண்டாள். குன்னூர். காரணம்: ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வாரங்களிலும் மனசு வராமல் உண்மையான மருந்தையே கொடுத்துவிட்டார்கள்.

மதியம் உங்கள் மகன் வந்தான். சாட்சி வராத கேஸ், வாய்தாதான். ஆனால் வாய்தாவில் இருக்கிற கேஸுக்கு ‘அடியோடு’ என்று தீர்ப்பு எழுதக் கூடாது. அந்த வரியை அடித்துவிட்டு, கீழே என் கையால் எழுதிக் கொடுத்தேன். ‘தேய்த்துவிட்டு நடக்கவும்.’

“இவ்வளவுதானுங்களா டீச்சர்?”

“இதுவரைக்கும் தெரிஞ்சது இவ்வளவுதான்பா.”

தலையைச் சொறிந்தான். போகும்போது திரும்பி, “முட்டி இப்ப எப்படிங்க?” என்று கேட்டான். அப்படியே உங்கள் குரல். ஐந்து என்று சொன்னேன். உண்மையில் ஏழு. நீங்கள் போனபின் தினமும் ஏறுவதை விட்டுவிட்டேனே.

இப்போது மணி நான்கு. பனி இறங்குவதற்குள் மேலே போய் வர்க்கி வாங்க வேண்டும். முட்டிக்குத் தேய்த்துக்கொண்டுதான் இதை எழுதி முடிக்கிறேன், அறை முழுக்க மணக்கிறது. எந்தப் பாட்டில் என்று பார்க்கவில்லை.