ஆட்டோவில் வாடிய வாழை

ஒக்கலிபுரம்
31.10.1999

அன்பு மகள் வீணாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், கடல் தாண்டி நீயும் சுகமாக இருக்க முருகன் துணை. என் மானம் மட்டும் சுகமில்லை. போன செவ்வாய்க்கிழமை லுங்கியை மடித்துக் கட்டி, வாயில் பிரஷ், கையில் கலர் தட்டோடு ஓர் ஆட்டோவின் பின்னால் ரயில்வே பாலம் வரைக்கும் ஓடினேன். பர்ஸை அடித்துக்கொண்டு போகிறான் என்று நாலு பேர் கூடவே ஓடி வந்தார்கள். பிடித்தால் நம் எதிர்வீட்டு வெங்கடசாமி. அவன் கொண்டுபோனது ஒரு வாடின வாழைக்கன்று என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது, நீயே சொல்.

ஆயுத பூஜைக்கு வண்டியின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டுவார்களே, மூன்றாம் நாள் அவிழ்த்துத் தெருவில் போட்டுவிடுவார்கள். இந்தத் தடவை அது துவண்டு தொங்குவதைப் பார்த்ததும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது. பரணில் இருந்த உன் கலர் பெட்டியை எடுத்தேன், கோபித்துக்கொள்ளாதே. மில்லில் முப்பது வருஷம் தகட்டு அச்சு வைத்து மூட்டைமேல் நம்பர் அடித்தவன், அச்சு இல்லாமல் பிரஷ் பிடித்ததே கிடையாது. கட்டின அன்றைக்கு ஒரே பச்சைதான். வாட வாட ஓரத்தில் மஞ்சள், அதற்குள் காப்பிப்பொடி நிறம், நடுத்தண்டில் கத்தரிக்காய் ஊதா, தினம் ஒரு புது நிறம் வந்து நிற்கிறது. வெங்கடசாமி மதியம் சாப்பிட வரும் நேரம் பார்த்து பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அவிழ்க்காதே என்று அவன் காலில் விழாத குறை. "இன்னாண்ணா, சவாரி வண்டியா பாடை வண்டியான்னு கேக்கறாங்க" என்றான். வியாழக்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸில் எப்.சி. சோதனைக்கு வண்டியைக் காட்டணும், அதுவரைக்கும்தான் என்று கெடுவும் வைத்தான். உனக்கு அனுப்ப வேண்டிய படம், ஒரு இலை பாக்கி, அந்த நேரம் பார்த்து அவனுக்குச் சவாரி கிடைத்துவிட்டது. அதுதான் ஓடினேன். பின் சீட்டில் இருந்த அம்மாள் பாவப்பட்டு என்னையும் ஏறச் சொன்னார்கள். மெஜஸ்டிக் ஆட்டோ ஸ்டாண்டில் வைத்து அந்த இலையை முடித்தேன். பத்து டிரைவர்கள் சுற்றி நின்று இங்கே கறுப்பு போடு, அங்கே போடாதே என்று பாடம் எடுத்தார்கள். உன் அம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "காலையில எழுந்ததும் நீங்க இப்படித்தான் இருக்கீங்க" என்றாள். சந்தோஷத்தில் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

படத்தை இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன். தண்டு கோணலா, நிறம் சரியா, தயவு பார்க்காமல் நீ மார்க் போட்டு எழுது. குளிருக்குக் காதை மூடிக்கொள், ராத்திரி வெறும் ரொட்டியோடு படுக்காதே, மாமாவுக்கு ஒரு வரி போடு. நூறு வயசு நன்றாக இரு. நீ விமானம் ஏறிய அன்றைக்கு ஊறுகாய் பாட்டிலைப் பற்றியே கால் மணி நேரம் பேசினேன். பி.யூ.சி. முடித்து நீ படம் வரையப் படிக்கிறேன் என்றபோது, இலை தழை வரைந்தால் சோறு வருமா என்று நான் கேட்டது தப்பு என்பதை மட்டும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
பெருமாள்சாமி