எனக்கு என்ன வேண்டும் என்று நர்ஸ் கேட்டாள்

அன்புள்ள சுண்டு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதினால் உன் அம்மா படுக்கையிலிருந்தே சிரிப்பாள், அதனால் உள்ளதை எழுதுகிறேன். இனி குணமாக்க மருந்தில்லை, வலி தெரியாமல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அப்படித்தான் போகிறது. மாத்திரைக்கு வலி அடங்குகிறது, சூப் கொஞ்சம் இறங்குகிறது, வாய் மட்டும் குறையவில்லை. தலையணையை நான் வைக்கிற லட்சணத்துக்குத் தினமும் அர்ச்சனைதான்.

நேற்று வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் அவளுக்குப் பிரஷர் பார்த்துவிட்டுக் கிளம்பாமல் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உங்களுக்கு என்ன வேணும் சார் என்றாள். காற்று மெத்தை கிடைத்தால் அவளுக்கு முதுகு புண்ணாகாது என்றேன். அது அவங்களுக்கு, நான் உங்களைக் கேட்டேன் என்றாள். எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, உன் அம்மா கண்ணைத் திறக்காமலே, கல்லா, நான் மூச்சு விடுறேனான்னு கேக்க இந்த மனுஷன் கதவைத் திறந்து போட்டுக் குளிக்கிறாரும்மா என்று போட்டு உடைத்துவிட்டாள். நர்ஸ் சிரிக்கவில்லை. எதை நினைச்சுப் பயப்படுறீங்க என்று மெதுவாகக் கேட்டாள். காலமெல்லாம் பஸ் ஓட்டினவன், பிரேக் போன வண்டியை இறக்கத்தில் நிறுத்தியவன் நான், ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். கடைசி நேரத்தில் என்ன செய்யணும்னு தெரியாது, அப்போ நான் தனியா இருக்கக் கூடாது என்றேன். உன் அம்மா கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் எப்படி வரும், யாரைக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள். கேட்கப் பயந்த விஷயம், கேட்டதும் பாதிப் பயம் போய்விட்டது. என் இடுப்பு பிடிக்காமல் அவளைத் திருப்பிப் படுக்கவைக்கவும் காட்டிக்கொடுத்தாள், வாரம் இரண்டு மத்தியானம் ஓர் அம்மாளை அனுப்புகிறாளாம், நான் கதவைச் சாத்திக் குளித்து, தூங்கி எழலாம். யார் கூட இருந்தா உங்களுக்குத் தெம்பு என்று கடைசியாகக் கேட்டதற்கு, யோசிக்காமல் உன்னைச் சொல்லிவிட்டேன்.

போனில் நீ கேட்கும்போதெல்லாம் வேலையை விட்டு வராதே, நான் சமாளிக்கிறேன் என்பேனே, அதை நம்பாதே. உன் அம்மாவுக்கு ஆசையாக இருக்கிறது, வா என்று எழுதத்தான் ஆரம்பித்தேன். அவள் விடவில்லை. என் தலையில போடாதீங்க, உங்களுக்கு வேணும்னு எழுதுங்க என்கிறாள்.

எனக்கு நீ வேண்டும் அம்மா. வா.

இங்கே குளிர் அதிகம், கம்பளி மறக்காதே. நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

உன் அப்பா