கொப்பு இழுத்த கோடு

என் அருமை அத்தானுக்கு,

இங்கு யாவரும் நலம், அங்கு உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. பள்ளிக்கூடத்தில் பழக்கிவிட்ட கை. ஆனால் நான் நலமாக இல்லை. நீங்கள் இருக்கிற இடத்தில் நலம் என்று ஒன்று உண்டா என்றும் தெரியவில்லை. உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கோபத்துக்குப் பயந்து சைக்கிளைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுப் பூனை மாதிரி வீட்டுக்குள் வருவீர்களே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது அப்படி வந்தாலும் பரவாயில்லை. வையாமல் சோறு போடுவேன்.

பந்தயம் மறுபடியும் வந்துவிட்டது அத்தான். போன வருஷம் உங்களைக் கொண்டுபோன அதே நாலு நாள் சைக்கிள் பந்தயம். மதுரையில் கிளம்பி முதல் நாள் போடிக்கு வந்தார்கள். மறுநாள் போடிமெட்டு ஏறித் தேவிகுளம். இன்று தேயிலைத் தோட்டங்களைச் சுற்றி ஓட்டிவிட்டு மெட்டுக்கு வந்து தங்குகிறார்கள். நாளைக் காலையில் மெட்டிலிருந்து இறங்கி போடியில் முடிக்கிறார்கள். நாலு நாள் நேரத்தையும் கூட்டி யாருக்குக் குறைவோ அவனுக்கு மாலை. மதுரை, கோயம்புத்தூர் என்று கம்பெனிச் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்கள் எல்லாம் வந்திருக்கிறார்கள். நம் ஏலக்காய் முதலாளிக்காக இந்த வருஷம் ஓட்டுவது யார் தெரியுமா? உங்கள் மச்சினன். என் தம்பி தங்கராசு. போன வருஷம் உங்களோடு ஓட்டப் போய்த் தோள் எலும்பை உடைத்துக்கொண்டது போதாதென்று மறுபடியும் கிளம்பிவிட்டான்.

உங்கள் சைக்கிளில்தான் போயிருக்கிறான். பள்ளத்திலிருந்து எடுத்ததில் சட்டம் மட்டும்தான் ஒச்சமில்லாமல் இருந்தது. அதற்குப் புதுச் சக்கரம் போட்டு, கைப்பிடி போட்டு, என்னிடம் கேட்காமலே ஏறிவிட்டான். அந்தச் சைக்கிள் வாசலில் நிற்கும்போதெல்லாம் நீங்கள் வந்துவிட்டதாக என் காது ஏமாந்து போகிறது.

நான் யாரிடம் போய் அழ? அம்மா போனபிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். நமக்கென்று ஒன்று பிறக்கவில்லை. கடையில் ஏலக்காய் தரம் பிரித்துவிட்டு வீடு திரும்பினால் "அக்கா" என்று கூப்பிட இருப்பது அவன் ஒருத்தன்தான். அவனும் நீங்கள் விழுந்த அந்த வளைவில் போய்விட்டால் நான் யாருக்காக உலை வைக்க? நானும் உங்கள் பின்னாலேயே வந்துவிடுவேன். மிரட்டலுக்குச் சொல்லவில்லை.

இந்தக் காகிதம் என்றைக்காவது வெளியூர்க்காரர் கையில் சிக்கினால் விளங்க வேண்டும் என்பதற்காக ஒன்று எழுதுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். மெட்டிலிருந்து சைக்கிளில் இறங்குகிறவர்கள் பிரேக்கை நம்பி இறங்குவதில்லை. கொஞ்ச தூரத்துக்குள் ரப்பர்க் கட்டை கருகி நாறும். அதனால் இலை தழையோடு ஒரு கொப்பை வெட்டி, சைக்கிளுக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டே இறங்குவார்கள். அது தரையைப் பிடித்து வண்டியை அடக்கும். கடைசி வளைவு தாண்டிச் சமதரை வந்ததும் இடுப்பிலுள்ள பேனாக்கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டு மிதிப்பார்கள். கொப்பு கட்டினவனுக்குப் பின்னால் வருகிறவன் ஒரு வளைவு விட்டுத்தான் இறங்க வேண்டும். புழுதி அப்படிக் கிளம்பும், கண் தெரியாது. இது பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரிந்த சட்டம்.

போன வருஷம் நீங்கள் கொப்பு கட்டினபோது மதுரைக்காரர்கள் சிரித்தார்களாம். "மாட்டுக்குத்தான் வாலு. போடிக்காரன் சைக்கிளுக்கும் வாலு முளைச்சிருக்குடா" என்றார்களாம். பாதி வழியில் நீங்கள் கயிற்றை அறுத்துவிட்டீர்கள். அறுந்த கயிறு இல்லை அத்தான், அறுத்த கயிறு. தானாக அறுந்திருந்தால் நுனி நார் நாராகப் பிரிந்திருக்கும். இது நறுக்கின வெண்டைக்காய் மாதிரி இருந்தது. உங்கள் சைக்கிளோடு வந்த அந்தத் துண்டை நான் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

"வீறாப்புல போய்ட்டான்" என்று ஊர் பேசியது. நானும் அப்படித்தான் நினைத்தேன். நாலு மதுரைக்காரன் பல்லைக் காட்டினான் என்பதற்காக என்னைத் தெருவில் விட்டுவிட்டுப் போனீர்களே! சிரிப்பு பெரிதா, நான் பெரிதா? கயிற்றை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் கேட்டேன். நீங்கள் ஒரு நாளும் பதில் சொல்லவில்லை.

பந்தயத்துக்கு முன்னால் தங்கராசு சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன்.

"ஏன்டா, எறங்கயில கொப்பு கட்டுவேல்ல?"

தட்டைப் பார்த்தே சொன்னான். "கட்ட மாட்டேன்க்கா."

"ஏன்? ஒனக்கும் மதுரக்காரன் சிரிச்சிருவான்னு வெக்கமா?"

"வெக்கமெல்லாம் ஒண்ணுமில்ல."

"பெறகு என்னடா?"

"கொழம்ப ஊத்து. சோலி கெடக்கு, வெரசா போகணும்."

கெஞ்சினேன், வைதேன், அவன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் கேட்டேன். கையை மெதுவாக எடுத்துவிட்டுப் போய்விட்டான். செத்தவர்கள் கனவில் வந்து சொன்னால் கேட்பார்கள் என்பார்களே, நீங்கள் அவன் கனவிலாவது போகக் கூடாதா? உங்கள் பேச்சைத் தட்டாத பிள்ளை அல்லவா?

நாளைக் காலையில் தோட்டத்து ஆட்களை ஏற்றுகிற ஜீப்பில் நானும் மேலே போகப் போகிறேன். கயிற்றையும் எடுத்துக்கொண்டு போகிறேன். அவன் முகத்துக்கு நேரே காட்டுகிறேன்.

நேற்று இவ்வளவோடு நிறுத்திவிட்டேன். மீதியை இன்று எழுதுகிறேன்.

ஜீப் ஓட்டுகிற அந்தோணி அண்ணன் முன்னால் இடம் கொடுத்தார். பின்னால் தோட்டத்துப் பெண்கள், கூலிக்குப் போகிறவர்கள், ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார்கள். உங்கள் வளைவு வந்ததும் பேச்சு நின்றது. நான் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே ஓரக்கல் ஒன்று இன்னும் சாய்ந்தபடிதான் இருக்கிறது. நான் மடியிலிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டேன்.

மெட்டில் நல்ல குளிர். பந்தயக்காரர்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு பால் இல்லாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். தங்கராசு தனியாக உட்கார்ந்து டயரைத் தடவிக்கொண்டிருந்தான். வண்டியில் கொப்பும் இல்லை, கயிறும் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

கயிற்றை அவன் காலடியில் போட்டேன். "பாத்துக்க. ஒங்க அத்தான் வீறாப்புல அறுத்த கயிறு. நீயும் எனக்கு ஒண்ணு கொண்டாந்து குடு, ரெண்டையும் ஒண்ணாப் பொட்டியில வைக்கிறேன்."

அவன் கயிற்றை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றவன், பச்சைப்பிள்ளை மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

"வீறாப்புல அறுக்கலக்கா. எனக்காக அறுத்தாரு."

எனக்கு விளங்கவில்லை. "என்னடா சொல்ற?"

"அவருக்குப் பின்னால வந்தது நாந்தான். ரெண்டு பேரும் கொப்பு கட்டித்தான் எறங்குனோம். வளைவு விட்டு வாடான்னு சொன்னாரு. நான் விடல. நம்ம ரெண்டு பேருமே முன்னால போயிரலாம்னு ஒட்டியே வந்தேன். என் கொப்பு கல்லுல மாட்டிக் கழண்டு போச்சு. பிரேக்கு பிடிக்கல. அவரு புழுதிக்குள்ள போய்ட்டேன். ஒண்ணுமே தெரியல. 'அத்தான், கண்ணு தெரியல'ன்னு கத்துனேன்."

"பெறகு?"

"திரும்பிப் பாத்தாரு. கத்திய எடுத்து அறுத்துட்டாரு. புழுதி அடங்குச்சு. வளைவு தெரிஞ்சுச்சு. நான் மலப்பக்கத்து ஓடையில வண்டியச் சாச்சு விழுந்துட்டேன். அவரு வண்டி நிக்கல."

அவன் தோள் எலும்பு உடைந்தது அங்கேதான். முந்தின வளைவிலேயே விழுந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். உங்களை எரித்த அன்று ஒரு கையைத் தூளியில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில்தான் நின்றான்.

"இத்தன நாளு ஏன்டா சொல்லல?"

"ஒன் மூஞ்சியப் பாத்து எப்படிக்கா சொல்ல? அதான் கொப்பு கட்ட மாட்டேங்கிறேன். அந்தப் புழுதிய இன்னொருத்தன் கண்ணுல நான் போட மாட்டேன்."

அடித்தேன் அத்தான். இரண்டு கையாலும் அடித்தேன். அவன் தடுக்கவில்லை. சாயாக்கடைக்காரர் ஓடிவந்து பிடிக்கப் பார்த்தார், அந்தோணி அண்ணன்தான் "விடுங்க, அக்கா தம்பி சமாச்சாரம்" என்றார். கை ஓய்ந்து உட்கார்ந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. உங்களுக்காக அழுதேன். இதுவரை அழுததெல்லாம் எனக்காகத்தான் என்று அப்போது தெரிந்தது. இத்தனை நாள் உங்களை எப்படியெல்லாம் வைதிருக்கிறேன்! அத்தனையும் உங்கள் காதில் விழுந்ததா? விழுந்துமா பேசாமல் இருந்தீர்கள்?

இறக்கத்துக்கு மணி அடித்துவிட்டார்கள். போகாதே என்று அவன் காலைப் பிடித்தேன். "போகாம இருக்க முடியலக்கா. அந்த வளைவத் தாண்டாம எனக்கு உறக்கமே வரல" என்றான். அவன் கண்ணைப் பார்த்தபோது, இன்று நான் பிடித்து நிறுத்தினாலும் நாளைக்குத் தனியாக வந்து இறங்குவான் என்று தெரிந்தது.

எழுந்தேன். அந்தோணி அண்ணனிடம் அரிவாள் வாங்கி, ரோட்டோரத்து நாவல் மரத்தில் நல்ல தழையுள்ள கொப்பாகப் பார்த்து வெட்டினேன். உங்கள் கயிற்றாலேயே கட்டினேன். நீங்கள் அறுத்ததில் குட்டையாகிப் போயிருந்தது, ஒரு முடிச்சுக்குத்தான் கண்டது.

"இந்தா. எல்லாரும் போகட்டும். கடைசியா எறங்கு. ஒனக்குப் பின்னால ஆளே இல்லன்னா புழுதி யாரு கண்ணுல விழும்?"

முதலாளியின் கணக்கப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். "ஏத்தா, மூணாவது எடத்துல இருக்கான்! இப்படியா கெடுப்ப?" என்றார். "ஒங்க எடத்த நீங்களே வச்சுக்கங்க, எனக்கு என் தம்பி போதும்" என்றேன். மதுரைக்காரர்கள் இந்த வருஷமும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக இறங்கினார்கள். தங்கராசு கடைசியாகப் போனான். பனிக்குள் போனதும் கொப்பு இழுபடுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

ஜீப்பைப் பந்தயம் நடத்துகிறவர்கள் உடனே விடவில்லை. விட்டதும் கிளம்பினோம். சாலை நெடுக அவன் கொப்பு இழுத்த கோடு போட்டிருந்தது. கோலமாவு சிந்தின மாதிரி, வளைவுக்கு வளைவு வளைந்து போனது. அதைத் தவிர எதையும் நான் பார்க்கவில்லை. கோடு இருக்கிறவரை தம்பி இருக்கிறான், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. உங்கள் வளைவுக்கு முந்தின திருப்பத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். சாமி பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "அத்தான், அத்தான்" என்றுதான் வந்தது.

வண்டி திரும்புவது தெரிந்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை.

"கண்ணத் தொற ஆத்தா" என்றார் அந்தோணி அண்ணன். "கோடு போகுது."

போயிருந்தது அத்தான். சாய்ந்த ஓரக்கல்லை ஒட்டி, அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, மலைப்பக்கமாகத் திரும்பிக் கீழே போயிருந்தது.

மலையடிவாரத்து முந்தலில் சமதரை வந்ததும் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தான். கொப்பில் ஓர் இலை இல்லை, வெறும் குச்சிதான் மிச்சம். கயிற்றை அறுக்காமல் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். போடிக்குப் போய் எல்லைக்கோட்டைத் தொட வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. நான்தான் ஞாபகப்படுத்தி அனுப்பினேன். கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்தான். மாலையெல்லாம் அதற்குள் வாடியிருக்கும்.

சாயங்காலம் வந்து அவனே சொன்னான்: "எல்லாத்தையும் எழுதுக்கா. ஊரு படிக்கட்டும்." அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறதை ஊரறிய எழுதுகிறேன். சைக்கிள் கடைச் சுவரில் ஒட்டச் சொல்லப் போகிறேன். வீறாப்பில் செத்தான் என்று இனி எவனாவது உங்களைச் சொன்னால், அந்தச் சுவருக்கு இழுத்துக்கொண்டு போய்ப் படிக்க வைப்பேன். இது ஒரு வாக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. நேற்று, உங்கள் பின்னாலேயே வந்துவிடுவேன் என்று எழுதினேன். அந்த வரியை அடிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும். ஆனால் அப்படி வர மாட்டேன். நீங்கள் கயிற்றை அறுத்துக் காப்பாற்றிக் கொடுத்த பிள்ளைக்கு ஒரு கல்யாணம் பண்ணி, அவன் பிள்ளைக்கு உங்கள் பெயரை வைக்க வேண்டும். இதுவரை புருஷன் பெயரென்று வாயால் சொன்னதில்லை. அந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிற சாக்கில் ஆசை தீரச் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு அப்புறம்தான் வருவேன். ஒட்டிக்கொண்டே வரக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? ஒரு வளைவு விட்டே வருகிறேன்.

உங்கள் மாமன் மகள்,
உங்களையே கட்டிக்கொண்ட
பேச்சியம்மாள்